மொட்டைமாடி வால்வு

"கூப்பிடு அந்த இசக்கிமுத்துவை! முப்பது வருஷமா என்னை ஏமாத்தியிருக்கான்!"

வில்லியம் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

சாந்தோமில் அவருடைய அப்பா கட்டிய வீடு. குளியலறையில் பச்சைத் தண்ணீர் கொட்டும். சுடுதண்ணீர் மட்டும் நூல் மாதிரி வரும். பக்கெட் நிறைய இருபது நிமிஷம். சைனஸ்காரர் வில்லியம் ஒருத்தருக்குத்தான் அந்த வீட்டில் வெந்நீர்க் குளியல் என்பதால், மற்றவர்கள் கவலைப்பட்டதில்லை.

எப்போது கேட்டாலும் பிளம்பர் இசக்கிமுத்துவிடம் ஒரே பதில். "பழைய பைப்பு. உப்பு அடைச்சிருக்கு சார்."

இந்தக் கிறிஸ்துமஸுக்கு மகள் ஜாஸ்மின் கைக்குழந்தையோடு வருகிறாள். அதனால் புது ஆளாக மகேஷை வரவழைத்திருந்தார்.

மகேஷ் குழாயைக் கழற்றிப் பார்த்தான். கீசரைத் தட்டினான். கடைசியில் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறிக் குரல் கொடுத்தான்.

"உப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். கீசருக்குப் போற வால்வ முக்கால்வாசி மூடி, யாரும் தொறக்காம கம்பி போட்டுக் கட்டி வெச்சிக்கிறாங்க!"

அரை மணியில் இசக்கிமுத்து வந்து நின்றார். தலை முழுக்க நரை.

"இது உன் கட்டுதானே?"

"ஆமா சார்."

"ஏன்யா? உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்?"

"தப்புதான் சார்."

"இனிமே இந்தத் தெருவுல ஒரு வீட்டுலயும் உனக்கு வேலை கிடையாது. நானே வீடுவீடா போய்ச் சொல்றேன்."

இசக்கிமுத்துவின் முகம் சுருங்கியது.

சமையலறையிலிருந்து மனைவி லூயிசா ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி வந்தாள்.

"அந்த அண்ணனைத் திட்டாதீங்க. நான்தான் மூடச் சொன்னேன்."

"நீயா?"

"கல்யாணமாகி வந்த புதுசு. வீட்டுல பதினோரு பேரு. உங்ககிட்ட ஒரு வார்த்தை பேச எங்க முடிஞ்சுது? பக்கெட் நிறையற வரைக்கும் துண்டோட சமையல்கட்டு வாசல்ல உக்காருவீங்க. மூணே நிமிஷம். நிறைஞ்சதும் எழுந்து போயிடுவீங்க."

வில்லியம் அந்த வாசற்படியைப் பார்த்தார். ஜாஸ்மினுக்குப் பெயர் முடிவானது அதில் உட்கார்ந்துதான். தம்பி சண்டை போட்டு வீட்டைவிட்டுப் போன மறுநாள் காலை, பக்கெட் நிறைந்து வழிந்ததுகூடத் தெரியாமல் அங்கே அழுதிருக்கிறார்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டேன். நீங்க திட்டினதை எல்லாம் வாங்கிக்கிட்டு, இன்னிக்கு வரைக்கும் உப்பு உப்புன்னே சொல்லிட்டாரு மனுஷன்."

இசக்கிமுத்து தரையைப் பார்த்துச் சிரித்தார்.

"மகேஷ் தம்பி, முழுசா திறந்துடுப்பா," என்றாள் லூயிசா. "இப்ப வீட்டுல நாங்க ரெண்டே பேரு. பேச நாள் முழுக்க இருக்கு. இவரு பக்கெட்டை வெச்சிட்டு போனைத்தான் பாக்குறாரு."

மகேஷ் மாடிக்குப் போனான். சற்று நேரத்தில் குளியலறையில் வெந்நீர் சோவென்று கொட்டியது.

வில்லியம் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து ஃபிரிட்ஜ் மேல் வைத்தார்.

"இசக்கிமுத்து, அந்தக் கம்பியைத் தூக்கிப் போட்டுடாதே. ஜனவரியில குழந்தை ஊருக்குப் போனதும் வந்து திரும்பக் கட்டிடு."