பத்து நாள் அந்தமான்

அந்தமானுக்குப் போகிறேன் என்று அரியலூர் ஆபீஸ் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டு வந்த ஹெட்கிளார்க் குருநாதன், மனைவியோடு செலவுக் கணக்குப் போட உட்கார்ந்தார்.

"கப்பல், லாட்ஜ், கண்ணாடிப் படகு... வேற என்ன சிந்தாமணி?"

"யானைச் சவாரியும் எழுதுங்க. ஆபீஸ்தானே பணம் தருது!"

மறுநாள் இருவரும் பெட்டியோடு பஸ் ஏறி, ஜெயங்கொண்டத்தில் மச்சினன் வீட்டுக்குள் புகுந்து கதவைத் தாழிட்டார்கள்.

"பத்து நாளைக்குத் தலையை வெளிய நீட்டாத. போகாமலே பில்லு குடுக்குறது மேனேஜருக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்" என்றபடி ஜன்னலைச் சாத்தப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

எதிர்வீட்டு ஜன்னலில் முண்டா பனியனோடு நின்றவர் சாட்சாத் மேனேஜர்.

"சார்... நீங்க இங்க?"

"நேத்துலேருந்து நான் காஷ்மீர்ல இருக்கேன். மெதுவாப் பேசும்யா! மாடியில நம்ம ஆடிட்டர் கோவாவுல இருக்காரு."