கருமந்தி திரும்பிப் பார்க்கவில்லை

ஒரு மலைச்சரிவில் கருமந்தி ஒருத்தி இருந்தாள். அவள் மரத்தடியில் கடமான் அக்கா அன்று காலையில்தான் குட்டி ஈன்றிருந்தாள். குட்டிக்கு இன்னும் கால் ஊன்றவில்லை.

மான் பார்க்க நாலு பேர் மலையேறி வருவதைக் கண்டதும் மந்தி பெருங்குரலில் கத்தினாள்.

"எதுக்குடி இத்தனை சத்தம்?" என்றாள் கடமான்.

"உன் நல்லதுக்குத்தான் அக்கா. ஆள் வருது."

"கத்து, வேண்டாங்கலை. ஆனா கத்திக் கத்தி என் பிள்ளையையே குனிஞ்சு பார்க்கிறியே. ஆளுங்க கிட்ட வந்துட்டா நான் ஓடிருவேன், இவன் என்ன பண்ணுவான்?"

அதற்குள் கீழே வழிகாட்டியின் குரல் கேட்டது. "அந்தக் குரங்கு எங்கே பார்க்குதுன்னு பாருங்க. மான் அங்கேதான் இருக்கும்."

மந்தி கிளைக்குக் கிளை தாவி ஓடைக்கு அக்கரை போனாள். அங்கே ஒரு வெறும் புதரைக் குனிந்து பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினாள். நாலு பேரும் பைனாகுலரோடு அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

பின்னால் குட்டி ஈனமாகக் குரல் கொடுத்தது. விழுந்துவிட்டதோ என்னவோ. மந்தியின் கழுத்து தானாகத் திரும்பப் போனது. "சாமி, என் கழுத்தைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ" என்று வேண்டிக்கொண்டு, அந்தப் புதரையே பார்த்தபடி இருந்தாள்.

வெகுநேரம் தேடிச் சலித்து அவர்கள் மலையிறங்கிப் போனார்கள். அப்போதும் அவள் திரும்பவில்லை.

"அக்கா, நின்னுட்டானா?"

"நின்னுட்டான்டி. இப்போ திரும்பிப் பாரு."