நெஸ்ஹெய்ம் வளைவு

"இதோ பாரு தோரா, எங்க குடும்பத்தைப் பத்தி மேடையில ஒரு வார்த்தை வந்துச்சு, அப்புறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன்!"

ஊர் மன்றத்தின் வாசலை அடைத்தபடி நின்றார் ஹல்வர் நெஸ்ஹெய்ம். எழுபதைத் தாண்டியும் கூன் விழாத முதுகு. கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புக் கோட்டு. அவருக்குப் பின்னால் பாதி ஊர் வரிசையில் நின்று, காலணியில் ஒட்டிய பனிச்சேற்றை உதறிக்கொண்டிருந்தது.

உள்ளூர்ப் பள்ளி ஆசிரியை தோராதான் வசந்தகாலக் கேலி நாடகத்தை நடத்துகிறவள். ஆப்பிள் மரங்கள் மொட்டு விடும் சமயத்தில் ஊர்க்காரர்களே வேஷம் கட்டி ஊர்க்காரர்களையே கிண்டல் செய்வது அங்கே வழக்கம்.

"போன வருஷம் உங்களைத் தொடவே இல்லையே ஐயா. அதுக்கு முந்தின வருஷமும் இல்லை" என்றாள் தோரா.

"இந்த வருஷமும் தொடாதே. என் பையனுக்கு ஜூன்ல கல்யாணம். சம்பந்தி ஒஸ்லோவில இருந்து முதல் தடவையா வந்திருக்கார். அவர் முன்னாடி எங்க குடும்ப மானம் போச்சுன்னா நீதான் பொறுப்பு!"

"ஹல்வர், வழியை விடு! சிரிக்காத மூஞ்சிக்கு டிக்கெட் ரெண்டு மடங்காம்!" என்று வரிசையிலிருந்து ஒரு படகுக்காரர் குரல் கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். ஹல்வர் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போனார்.

முன்வரிசையில் மனைவி மாரிட்டும் சம்பந்தி யென்ஸும் அவருக்காக இடம் பிடித்து வைத்திருந்தார்கள். திரை விலகியது. முதலில் ஊர்த் தலைவர் மாட்டினார். அடுத்து பாதிரியார். அவருடைய பிரசங்கம் முடிவதற்குள் ஊரில் எல்லார் வீட்டு அடுப்பிலும் உருளைக்கிழங்கு கருகிப்போவதாகக் காட்சி. அரங்கத்தில் பாதிரியார்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

"அடேயப்பா, பாதிரியாரையே விடலையா!" என்றார் யென்ஸ்.

"இங்க யாரையும் விடமாட்டாங்க" என்றாள் மாரிட். "ஆனா மேடைக்கு வரணும்னா ஊர்ல நாலு பேர் மதிக்கிற ஆளா இருக்கணும். எங்க பக்கத்துப் பண்ணைக்காரர் எத்தனையோ வருஷமா காத்திட்டிருக்கார், பாவம். அவரை யாரும் கண்டுக்கறதே இல்லை."

"உஸ்! பேசாம பாரு" என்று அதட்டினார் ஹல்வர்.

இடைவேளையில் எல்லோரும் காபி குடித்தார்கள், பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த வாஃபிள் தின்றார்கள். மறுபடி திரை விலகியபோது மேடையில் ஓர் அட்டை ஆப்பிள் மரம் நின்றது. பக்கத்தில் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர், இரும்புக் கம்பி போல விறைப்பாக.

மாரிட் உடனே அடையாளம் கண்டுகொண்டாள். அது நெஸ்ஹெய்ம் வீட்டுக் கதை. அந்தக் காலத்தில் சாலை போட வந்த அரசாங்கப் பொறியாளரிடம், மரத்தை வெட்ட விடமாட்டேன் என்று ஹல்வரின் தாத்தா மல்லுக்கு நின்ற கதை. கடைசியில் சாலைதான் மரத்தைச் சுற்றி வளைந்து போனது.

"ஐயா, சாலை நேரா போகணும்" என்றார் மேடைப் பொறியாளர்.

"மரம் நகராது. வேணும்னா நாடு நகரட்டும்!" என்றார் மேடைத் தாத்தா.

அரங்கம் அதிர்ந்தது. அடுத்து நாற்காலிகளால் செய்த பஸ் ஒன்று வந்தது. மரத்தை நெருங்கியதும் பயணிகள் எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஒருவர் மடியில் ஒருவர் விழுந்தார்கள். "கவலைப்படாதீங்க! இப்ப நாம நெஸ்ஹெய்ம் குடும்பத்துக்கு வணக்கம் சொல்றோம்!" என்று கத்தினார் ஓட்டுநர்.

மாரிட் ஓரக்கண்ணால் கணவரைப் பார்த்தாள். முகம் கல்லாக இருந்தது. உதடுகள் மட்டும் லேசாக அசைந்துகொண்டிருந்தன. 'வாய்க்குள்ளேயே திட்டறாரே! வீட்டுக்குப் போனதும் என்ன பாடு படுத்தப்போறாரோ' என்று கலங்கினாள். சம்பந்தியைத் திரும்பிப் பார்க்கவே அவளுக்குத் துணிவில்லை.

நாடகம் முடிந்ததும் யென்ஸ் கண்ணைத் துடைத்தபடி ஹல்வரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சம்பந்தி, அந்த வளைவுலதான் காலையில என் காபி சட்டையெல்லாம் கொட்டிச்சு! அது உங்க தாத்தாவால வந்த வளைவா? ஏதோ ஆப்பிள் விக்கிற குடும்பம்னு நினைச்சிட்டேனே. அரசாங்கமே ஒதுங்கிப் போன குடும்பமா! ஒஸ்லோவில போய் எல்லார்கிட்டயும் சொல்லப்போறேன்."

"அதெல்லாம் பழைய கதை" என்றார் ஹல்வர் சுருக்கமாக. பிறகு நேரே தோராவிடம் போனார். காபிக் கோப்பையும் கையுமாக ஊரே வேடிக்கை பார்த்தது.

"வாசல்லயே சொன்னேனா இல்லையா? எங்க தாத்தாவைக் கோமாளி ஆக்கிட்டியே! இனி இந்த மன்றத்துல காலடி வைக்கமாட்டேன்!"

"தப்புதாங்க ஐயா, மன்னிச்சிடுங்க" என்று தலைகுனிந்தாள் தோரா.

"விடுங்க. சம்பந்தி பார்க்கிறார்" என்று மாரிட் அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ அவரைக் கூட்டிட்டு காருக்குப் போ. என் தொப்பியை எடுத்திட்டு வரேன்."

கோட்டு மாட்டும் இடத்தில் யாரும் இல்லை. பின்னாலேயே வந்த தோரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "போதுமா ஐயா? நீங்க போட்ட சத்தத்துல எனக்கே பயமாயிடுச்சு."

ஹல்வர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மத்ததெல்லாம் பிரமாதம். ஆனா அந்த ஓட்டுநர் மரத்தைப் பார்த்துத் தொப்பியைக் கழட்டணும்னு நான் எழுதிக் கொடுத்திருந்தேனே, அதை ஏன் வெட்டினே?"