உப்பு மூட்டை

"முட்டி உள்ள சாயுது பாரு. நேரா வெச்சு எறங்கு."

"நீ மொதல்ல அந்தத் தட்டக் காலி பண்ணு."

"முதுக நிமுத்து, தேசம்மா. பின்கால் முட்டி தரையத் தொடுற மாதிரி..."

"ரெண்டு வாய் துன்னுட்டுத் தள்ளி வெச்சா இன்னா அர்த்தம்? கொழம்பு புடிக்கலையா, ஆக்குனவள புடிக்கலையா?"

"மூச்ச வுடு! பேசிக்கினே எறங்காத!"

"நீதான்யா பேச வைக்கிற!"

கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கத்தான் இடம். அதில் ஒரு காலை முன்னால் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, நைட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றிருந்தாள் அவள். இரண்டு கைகளிலும் டம்பெல்.

கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான் அவள் புருஷன். மடியில் தட்டு. பாதிக்கு மேல் சோறு அப்படியே இருந்தது.

இறங்கினாள். எழுந்தாள்.

தொடை எரிந்தது.

"படி எறங்குறதும் இதேதான்," என்றான். "ஒரு கால் முன்ன, ஒரு கால் பின்ன. நடுவுல பாரம்."

பாரம் என்று அவன் சொன்னது தன்னைத்தான்.

வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. தெருவில் பாதி இளவட்டங்களுக்கு உடம்பை ஏற்றிக் கொடுத்த ஜிம் மாஸ்டர் அவன். ஜிம்மின் பெயர்ப்பலகையை மாட்ட ஏணியில் ஏறி விழுந்தான். முதுகெலும்பு போயிற்று. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, நான்கு பேர் போர்வையின் நான்கு முனைகளைப் பிடித்து அவனை மேலே கொண்டுவந்தார்கள்.

முதல் மாடிப் பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கைகூப்பி ஒதுங்கி நின்றார்.

பாவம், அவருக்குப் பார்வை மங்கல்.

போர்வையில் கிடந்தவன் பார்த்துவிட்டான்.

அதோடு சரி. கீழே இறங்கவே இல்லை. அவனிடம் பழகிய பையன்கள் நாற்காலியோடு வந்து கெஞ்சினார்கள். தெருமுனை வரைக்கும் தூக்கிப் போகிறோம் மாஸ்டர் என்றார்கள்.

"நாலு பேரு தூக்கி நான் எறங்குறது ஒரே ஒரு தடவதான்டா. அன்னிக்கு வாங்க."

போய்விட்டார்கள்.

சாயங்காலமானால் கடற்காற்று தெருமுனையில் திரும்பி, எதிர்க் கட்டடத்தில் முட்டி, இளைத்துப்போய் ஜன்னலுக்கு வரும். அதற்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பான்.

அதைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

"நான் ஒருத்தி தூக்குனா?" என்று கேட்டாள் ஒருநாள்.

சிரித்தான்.

மறுநாள் காலையில், "கட்டிலுக்கு அடியில டம்பெல் கீது, எடு," என்றான்.

யாரையும் அவன் தொட்டுத்தான் திருத்துவான். முட்டியில் இரண்டு விரல், முதுகில் ஓர் உள்ளங்கை. இப்போது சாய்ந்த இடத்திலிருந்து அவளை எட்டுவது குடைக் கம்பு மட்டும். அதன் நுனியால் முட்டியை மெல்ல வெளியே தள்ளுவான்.

சில நாள் அவள் வேண்டுமென்றே முட்டியைச் சாயவிட்டாள்.

கல்யாணமான புதிதில் ஒரு மழை. தெருவெல்லாம் இடுப்பளவு தண்ணீர். அவளை உப்பு மூட்டை தூக்கிக்கொண்டு நடந்தான்.

மூட்ட நல்ல கனம்டி என்றான்.

கனமா இருந்தா எறக்கி வுடு என்றாள்.

விடவில்லை. தண்ணீர் வற்றிய இடம் வந்த பிறகும் விடவில்லை.

டம்பெல்களைத் தரையில் வைத்தாள். அவன் மடியிலிருந்து தட்டை எடுத்தாள். நேற்றும் இப்படித்தான். அதற்கு முன்னாலும் இப்படித்தான். கேட்டால் மாத்திரையில் வாய் கசக்கிறது என்பான்.

"ஏறு."

"இன்னிக்கேவா?"

"ஏறுன்றேன்ல, மாஸ்டர்."

கட்டிலுக்கு முதுகைக் காட்டி, ஒரு முட்டியைத் தரையில் ஊன்றினாள். அவன் மெத்தையில் கையை ஊன்றி நகர்ந்தான். அவள் கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டான். நெஞ்சு அவள் முதுகில் படிந்தது.

குளிப்பாட்ட, துடைக்க, புரட்டிப் போட என்று அவள்தான் அவனைத் தொட்டுக்கொண்டிருந்தாள். அவன் அவளைப் பிடித்து எவ்வளவு காலமாயிற்று.

அப்படியே கொஞ்ச நேரம் இருந்துவிடலாம் போலிருந்தது.

அவன் தொடைகளைக் கைகளில் வாங்கிக்கொண்டாள். மூச்சை இழுத்தாள். முன்காலை அழுத்தினாள்.

எழுந்துவிட்டாள்.

பாரம் இனிமேல்தான் வரும் என்று நின்றாள்.

வரவில்லை.

கதவைத் தாண்டினாள். படிக்கட்டின் வழியாகக் காற்று ஏறி வந்தது. உப்புக் காற்று. காதோரம் அவன் மூச்சு வேகமாயிற்று. சின்னப் பிள்ளை மாதிரி முகத்தை முன்னால் நீட்டினான்.

அவன் விலா எலும்புகள் அவள் முதுகில் ஒவ்வொன்றாகக் குத்தின.

குளிப்பாட்டும்போது கண்ணில் பட்டவைதான். படுத்தே கிடக்கிற உடம்பு, இளைக்காமல் என்ன செய்யும் என்று விட்டிருந்தாள்.

வாயும் கசக்கவில்லை, ஒன்றும் கசக்கவில்லை. அவள் டம்பெல்லில் கனத்தைக் கூட்டிக் கூட்டி வந்த நாளெல்லாம், அவன் தட்டில் தன்னைக் குறைத்துக்கொண்டு வந்திருக்கிறான்.

முதல் படியில் வைக்கப்போன கால் அந்தரத்தில் நின்றது.

"யோவ்," என்றாள். "மீதி எங்கய்யா?"