சாம்பிள் காடு

இருசம்மாள் தன் உளுந்துக் காட்டில் தானே ஆட்டை ஓட்டி மேய விட்டாள்.

காய் முற்றி, இன்னும் நாலு வெயில் பட்டால் பிடுங்கலாம் என்கிற பதம். ஆடுகள் இலை, காய் என்று பார்க்காமல் மொட்டையடித்துக்கொண்டிருந்தன.

பூலாம்பாடிப் பக்கத்து ஊர் அது. அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. போர்வெல் போட்டிருந்த சாமிதுரையின் காட்டையும் இவளுடைய துண்டுக் காட்டையும் தவிர, ஊர் மானாவாரி முழுக்கக் கருகிப்போயிருந்தது.

இவள் காடு பிழைத்ததற்குக் காரணம், துக்கம் விழுந்த வீட்டு வெள்ளாமையைக் காய விடக் கூடாது என்கிற ஊர் வழக்கம். புருஷன் செத்து வருஷம் திரும்பாதவள். அதனால் கிணற்றுக்குப் போன பொம்பளைகள் எல்லாம் ஆளுக்கொரு குடம் அங்கே ஊற்றிவிட்டுத்தான் வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோனார்கள்.

கோபம் வராமல் இருக்குமா?

"ஏண்டி, எம்புள்ளைய குளிக்க வைக்காம கொண்டாந்து ஊத்துன தண்ணி. உன் ஆட்டுக்குத் தீனி போடவா ஊத்துனேன்?" என்றாள் காத்தாயி.

"இனிமே இவ வூட்டுல நல்லது கெட்டதுன்னா எவனும் எட்டிப் பாக்கக் கூடாது," என்றான் தங்கராசு.

இருசம்மாள் வாயே திறக்கவில்லை.

ஊர்ப் பெரியவர் சாமிதுரைதான் தடுத்தார். "விடுங்கப்பா. புருஷனைப் பறிகொடுத்தவ. புத்தி பேதலிச்சுப் போச்சு. அவகிட்டப் போய் மல்லுக்கட்டிக்கிட்டு."

என்ன தங்கமான மனுஷன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அந்த நேரம் பார்த்து டி.வி.எஸ். ஃபிப்டியில் வந்து இறங்கினார் பெரம்பலூர் ஆபீஸ் சார். கையில் கயிறும் தராசும். பயிர் இன்ஷூரன்சுக்காக அறுத்து எடை போட்டுப் பார்க்கிற ஆள்.

"இந்த சர்வே நம்பர்தான் குலுக்கல்ல வந்திருக்குன்னு நேத்தே ஊருக்குத் தகவல் சொல்லி அனுப்பியிருந்தோமே. இதுல யாருங்க ஆட்டை விட்டது?"

தங்கராசுக்கு அந்தக் குலுக்கலே புரியவில்லை. "ஊரே காஞ்சு கெடக்கு. கண்ணால பாத்து எழுதிக்க வேண்டியதுதானே சார்?"

"கண்ணால பாக்குறது செல்லாதுங்க. குலுக்கல்ல வந்த காட்டை அறுக்கணும். அதுல என்ன வருதோ அதுதான் ஊருக்கே."

சாமிதுரையின் மகள் சிவரஞ்சனி, டவுன் காலேஜில் பி.காம். படிப்பவள், விளக்கிச் சொன்னாள்.

"இது சாம்பிள் சித்தப்பா. ஊரு நல்லா வெளஞ்சிருக்குன்னுதான் முதல்ல வச்சுக்குவாங்க. இல்லைன்னா சாம்பிள்தான் காட்டிக் கொடுக்கணும். அப்படி முதல்ல வச்சுக்குறதுக்குப் பேரு சூனியக் கருதுகோள்."

"சூனியந்தான். வச்சவன் நல்லாத்தான் வச்சிருக்கான்," என்றாள் காத்தாயி.

"இதுல ரெண்டு தப்பு வரும் அத்தை. வெளஞ்ச ஊரை வெளையலைன்னு சொல்லிடுறது ஒண்ணு. காஞ்ச ஊரை வெளஞ்சதுன்னு சொல்லிடுறது இன்னொண்ணு. முதல் தப்பு நூத்துல அஞ்சுக்கு மேல போவக் கூடாதுன்னு கட்டு இருக்கு."

"ரெண்டாவதுக்கு?"

சிவரஞ்சனி யோசித்தாள். "அதுக்கு எந்தக் கட்டும் எங்க சார் சொல்லித் தரலை."

"அந்த ரெண்டாவது தப்புதான் நாம," என்றான் தங்கராசு.

காத்தாயிக்கு அப்போதுதான் உறைத்தது. "அப்படின்னா இவ காட்டை அறுத்திருந்தா?"

"ஊர் பூரா இதே மாதிரி வெளஞ்சிருக்குன்னு ஆயிருக்கும். ஒருத்தருக்கும் நஷ்டஈடு வராது. அடுத்த போகத்துக்கு வெதை வாங்கக்கூட வழியிருக்காது," என்றாள் சிவரஞ்சனி.

காத்தாயி போய் இருசம்மாள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? பாவி, நான் என்னென்னமோ பேசிப்புட்டேன்."

ஆபீஸ் சார் கயிற்றைச் சுருட்டினார். "ஆடு மேய்ஞ்ச காடு கணக்குல வராதுங்க. கெட்டுப்போன சாம்பிளைத் தள்ளிட்டு அடுத்த நம்பருக்குப் போவணும். அடுத்தது... சாமிதுரைங்கிறது யாரு?"

எல்லார் கண்ணும் போர்த் தண்ணீரில் மதமதவென்று நின்ற பக்கத்துக் காட்டுக்குப் போனது. இது தனக்கே வரும் என்று சாமிதுரை எதிர்பார்க்கவில்லை. முகம் செத்துப்போனது.

ஆபீஸ் சார் ஈரமுள்ள ஆள். "நாளைக்குக் காலையில வந்து அறுக்குறேன். வர்றப்ப எப்படி இருக்கோ அப்படித்தான் எழுதுவேன்," என்று எங்கேயோ பார்த்துக்கொண்டு சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

வண்டிச் சத்தம் அடங்கியதும் தங்கராசு ஆரம்பித்தான்.

"நீங்களும் ஆட்டை விட்டுருங்கண்ணே. உங்க காடு தள்ளிப்போனா அடுத்து எவன் காடு வந்தாலும் சருகாத்தான் கெடக்கும். ஊரு பொழச்சுக்கும்."

"மேக்கால உங்களுக்குத்தானே ஏக்கர் ஏக்கரா கருகிக் கெடக்கு. இன்ஷூரன்ஸும் உங்களுக்குத்தான் ஜாஸ்தி வரும்," என்றாள் காத்தாயி.

சாமிதுரை தோள் துண்டை எடுத்து உதறினார்.

"வெளஞ்சு நிக்கிற பயிர்டா. பெத்த புள்ளை மாதிரி. அதை நம்ம கையாலயே அழிச்சா அடுக்குமா? ஏழு சென்மத்துக்கும் பாவம்."

ஆடுகளை ஓட்டிக்கொண்டு வரப்பில் ஏறிய இருசம்மாள் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"நேத்து நீங்க வூட்டுக்கு வந்து ஆட்டை விடச் சொன்னப்ப, நானும் இதையேதான் மாமா சொன்னேன்."