பூட்டி வைத்த பதிவு

"நாலு மணிக்குள்ள பழைய டிஸ்க்கைக் கழட்டிட்டுப் புதுசு மாட்டிடணும். நாலு மணிக்கு முதலாளி வர்றார். அவர் வந்தா நான் போயிடுவேன்!"

"எங்க சார் போவீங்க?" என்றார் தாடிக்கார டெக்னீஷியன், பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தபடி.

"வீட்டுக்கு. ஒரேயடியா."

மேனேஜரின் கண் சுவர்க் கடிகாரத்தை விட்டு நகரவில்லை. மணி மூன்றரை. மூன்று மாடிக் கடையின் பதினாறு கேமராக்களின் படமும் வந்து சேரும் டி.வி.ஆர். என்ற பதிவுப் பெட்டி, அவருடைய மேஜைக்கு அடியில், சாப்பாட்டுப் பைக்கும் பழைய செருப்புக்கும் நடுவே குடியிருந்தது. டெக்னீஷியன் அதைத் தூக்கி மேஜைமேல் வைத்துத் தூசியை ஊதினார். மேனேஜர் இரண்டு தும்மல் போட்டார்.

"படம் நல்லாத்தானே தெரியுது? டிஸ்க்குக்கு என்ன கேடு?"

"கேடு ஒண்ணுமில்ல. ஆனா இருந்தாகணும்." மேனேஜர் குரலைத் தணித்தார். "உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது? ரெண்டு வருஷம் முன்னாடி இங்க ஒரு கைக்கடிகாரம் காணாம போச்சு. கல் பதிச்சது. அந்தப் பிரிவுல நின்ன சேல்ஸ்மேனைக் கூப்பிட்டு, 'நீ எடுத்ததைக் கேமராவுல பார்த்துட்டேன்'னு சொன்னேன்."

"பார்த்தீங்களா?"

"எங்க பார்த்தேன்! சும்மா ஒரு பூச்சாண்டி. அப்படிச் சொன்னா மத்தவங்க பயந்து ஒத்துக்குவாங்க. இவன் ஒத்துக்கல. 'போட்டுக் காட்டுங்க சார், நான் எடுக்கறதை நானும் பார்க்கணும்'னு மூணு நாள் வாசல்ல வந்து நின்னான். சொன்னதை முழுங்க முடியுமா? முதலாளிகிட்டயும், 'என் கண்ணால பார்த்தேன், அந்தப் பதிவை அழியாம பூட்டி வச்சிருக்கேன்'னு அடிச்சு விட்டுட்டேன். அவனை அனுப்பியாச்சு."

"அதை இப்ப எதுக்குக் கிளறணும்?"

"நேத்து பெயின்ட் அடிக்க ஷோகேஸை நகர்த்தினாங்க. அடியில கிடக்கு, அதே கடிகாரம்."

டெக்னீஷியனின் ஸ்க்ரூடிரைவர் ஒரு கணம் நின்று, மறுபடி சுற்றியது.

"பார்த்தீங்களா, உங்களுக்கே தூக்கிவாரிப் போடுது! எனக்கு எப்படி இருக்கும்? முதலாளி போன்ல கேட்கறார்: 'ஷோகேஸுக்கு அடியில கிடந்தது அவன் பைக்குள்ள போனதை நீ எப்படிய்யா பார்த்தே? நாளைக்கு வர்றேன், போட்டுக் காட்டு'ன்னு."

"ஆக, பழைய டிஸ்க் எரிஞ்சு போச்சுன்னு நான் சொல்லணும்."

"வாயைத் திறந்து சொல்ல வேண்டாம். ரிப்போர்ட்ல ஒரே ஒரு வரி. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

டெக்னீஷியன் பெட்டியை ஆஃப் செய்து திருப்பினார். விளிம்பில் கம்பெனி ஸ்டிக்கர் கிழியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கீறி மூடியைத் தூக்கினார். உள்ளே காலி. ஒயர்கள் இரண்டு எதிலும் சேராமல் கிடந்தன. மூலையில் ஒரு சின்னப் பொட்டலம், நான்கு ஸ்க்ரூக்கள், பிரிக்கவே இல்லை.

"சார், பழைய டிஸ்க் எங்க?"

"உள்ளதான் இருக்கும். நல்லாத் தேடுங்க."

"வாங்கின நாள்லேர்ந்து இதுல டிஸ்க்கே கிடையாது சார். அதைத் தனியா வாங்கி மாட்டணும்."

"அப்ப இத்தனை நாள் படம் தெரிஞ்சுதே!"

"கண்ணாடியிலயும்தான் தெரியும். அது ஞாபகம் வச்சுக்குமா? டிஸ்க் இல்லைன்னா பெட்டி கத்தியிருக்குமே?"

"கத்துச்சே! முதல் நாள் பூரா பீப் பீப்னு உயிரை வாங்குச்சு. நான்தான் செட்டிங்ல போய் அது வாயை அடைச்சேன்." இதைச் சொல்லும்போது மட்டும் மேனேஜருக்கு லேசான பெருமை.

கதவு திறந்தது. முதலாளி பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார். கையில், கீழே கல்லாவிலிருந்து வாங்கி வந்த அந்தக் கைக்கடிகாரம்.

"எங்கய்யா பதிவு?"

"டிஸ்க் எரிஞ்சு போச்சு சார். சத்தியமா! இவரையே கேளுங்க." மேனேஜர் கண்களால் டெக்னீஷியனின் காலில் விழுந்தார்.

டெக்னீஷியன் ஸ்க்ரூ பொட்டலத்தை முதலாளியிடம் நீட்டினார். "டிஸ்க்கை மாட்டறதுக்குப் பெட்டியோட கொடுத்த ஸ்க்ரூ சார் இது. இன்னும் பிரிக்கவே இல்ல. இந்தப் பெட்டி இதுவரைக்கும் ஒரு நிமிஷம்கூட எதையும் பதிவு பண்ணல."

முதலாளி பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"போட்டுக் காட்டுன்னு நான் அன்னைக்கே கேட்டிருக்கணும். என் தப்பும்தான்."

பொட்டலம் கைமாறியது. டெக்னீஷியன் அதைப் பிரித்து, புதிய டிஸ்க்கை வைத்து, நான்கு ஸ்க்ரூக்களையும் முறுக்கினார். ஒயர்களைச் செருகிப் பெட்டியை ஆன் செய்தார்.

"உன் வேலையைப் பத்தி அப்புறம் பேசறேன்" என்றார் முதலாளி. "முதல்ல அந்தப் பையனைத் தேடிப் பிடி. அவன் முன்னாடி நின்னு, 'நான் ஒண்ணும் பார்க்கல, பொய் சொன்னேன்'னு மன்னிப்புக் கேளு."

"எங்கன்னு சார் தேடுவேன்? வீடு மாறிட்டானாம். போன் நம்பரும் மாறிடுச்சு."

பெட்டி ஒரே ஒரு 'பீப்' போட்டு அடங்கியது. திரையின் பதினாறு கட்டங்களிலும் சிவப்புப் புள்ளி எரிந்தது. ஒரு கட்டத்தில், அதே அறையில் விழிபிதுங்கி நின்ற மேனேஜர் தெளிவாகத் தெரிந்தார்.

டெக்னீஷியன் கையைத் துடைத்துக்கொண்டு மேனேஜருக்கு எதிரே வந்து நின்றார்.

"தேட வேண்டாம் சார். பதிவு ஓட ஆரம்பிச்சாச்சு. கேமராவுக்கு முகம் தெரியற மாதிரி நின்னு, என்கிட்டயே கேளுங்க."