பெயர் எழுதிய முட்டைகள்

"இன்னைக்கு நானும் விருந்துல உட்காருவேன், மதாம்," என்றாள் மாயெல் வீட்டு எசமானியிடம்.

அதை மட்டும் கேட்காதே என்று சமையற்காரி ஒதில் முன்பே அவளிடம் தலைப்பாடாக அடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் முட்டை ஓடுகளில் விருந்தாளிகளின் பெயரைப் பூவோடு வரைந்தது மாயெல்தானே. ஓவியத்தில் பட்டம் வாங்கியவள் சமையலறையில் சாப்பிடுவதா?

மதாம் சிரித்தாள். "தாராளமா உட்காரு கண்ணு. உன் பேரையும் ஒண்ணுல எழுதிக்கோ."

மேசையைச் சுற்றி இளம்பெண்கள். ஒருத்தியும் பேசவில்லை. எல்லோர் நகக்கண்ணிலும் சாயம்.

தன் முட்டையைச் சாப்பிட்டதும் மாயெல் கரண்டியை ஓங்கினாள். காலி முட்டையோட்டை நொறுக்காவிட்டால் சூனியக்காரி அதற்குள் ஆளை அடைத்துவிடுவாள் என்பது ஊர்ப்பேச்சு.

"உடைக்காதே!" மதாம் கத்தினாள். "இவங்களும் வரைய வந்து, உட்காரணும்னு கேட்டவங்கதான். யாராவது உடைச்சாங்களா?"

மாயெல் தன்னுடையதை நொறுக்கினாள். பக்கத்துப் பெண்ணுடையதையும் நொறுக்கியபோதுதான் அந்தப் பெண்ணுக்கு மூச்சே வந்தது. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாயெல் வெளியே நடந்தாள்.